சீசருக்குக் கிடைத்த லீவு

‘உங்கள் செல்ல நாயுடன் ஒரு வார இறுதியை வெளிநாட்டு நகரம் ஒன்றில் கழியுங்கள்’ என்று இணையத்தில் எழுதுகிறவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு நாயைக் கையில் கொடுத்து, மூன்றாம் மாடியில் திவசம் நடக்கிற ஒரு வீட்டுக்குள் அனுப்ப வேண்டும். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கக் கூடாது. அதற்குப் பிறகும் அவர்கள் அதே கட்டுரையை எழுதினால் நான் மரியாதையாக வாசிக்கிறேன்.

ஆறு வருடமாகிறது. கோபம் இன்னும் தீரவில்லை. அந்தக் கட்டுரையை எழுதியவர் மேல் கோபம். நாயை ஏற்றமாட்டேன் என்ற பஸ் சாரதி மேல் கோபம். அறை வாடகைக்கு விட்ட பெண்மணி மேல் கோபம். பிரான்காச்சோ மாமி மேல் தனியாக ஒரு கோபம். இவ்வளவு பேரையும் திட்டி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தால், கடைசியில் ஒரே ஓர் ஆள் மிச்சமாக நிற்பான். முப்பத்தாறு வயது, மொட்டை விழத் தொடங்கிய தலை, தோளில் நாய்ப் பை. அந்த மடையன் நான்தான்.

நான் சுவிஸில், பேர்ண் நகரத்தில், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. (இப்போதும் ஆகவில்லை. அதற்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை என்று நான் சொல்கிறேன். அக்கா ஒத்துக்கொள்வதில்லை.) சீசர் என்னுடைய நாய். ஆறு கிலோ. கால் குட்டை, காது நீளம், தன்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம்.

அக்கா இருப்பது இத்தாலியின் பலேர்மோவில். அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லாரோ சந்தையிலிருந்து இரண்டு சந்து தள்ளி, நான் மேலே சொன்ன அதே மூன்றாம் மாடியில். ஒரேத்தோப் பக்கம் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, பராமரிக்கிற வேலை. ஊரிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு நாலு வருடம் தன்னோடு வைத்துப் பார்த்தவரும் அக்காதான். அப்பா அங்கேயே காலமானார். அதற்கு முன் இரண்டு கிழமை, பதினாலு நாள், ஆசுப்பத்திரியில் கிடந்தார். நான் போகவில்லை. “லீவு தருகினம் இல்லை அக்கா” என்று ஃபோனில் சொன்னேன். செத்தவீட்டுக்குப் போய், ஒரு நாள் நின்று, மறுநாள் காலை விமானத்தில் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் அக்கா என்னோடு கதைத்தது முழுக்க ஓம், இல்லை, சரி என்ற மூன்று சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

அப்பாவின் முதல் வருட ஆட்டத்திவசம் வந்தது. அத்தான் அக்காவுக்குத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். அத்தான் அதிகம் கதைக்காத மனிதர். அன்றைக்கு இரண்டு வசனம் கதைத்தார்.

“இதுக்கும் நீ வராட்டி உன்ரை அக்கா உன்னைக் கை கழுவிப்போடுவா. நான் சொல்லிப்போட்டன்.”

போக வேண்டும் என்று எனக்கும் தெரியும். அக்காவை இழந்தால் எனக்கு உலகத்தில் சொந்தம் என்று மிச்சம் இருப்பது நாய் மட்டும்தான். ஒழுங்கான ஒரு தம்பி என்ன செய்வான்? நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கறுப்புச் சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேசாமல் போய்ச் சேருவான். நான் அந்த நேரம் பார்த்து அந்தக் கட்டுரையை வாசித்தேன். பழைய பேராலயம் ஒன்றின் முன்னால் ஒரு வெள்ளைக்காரனும் அவன் நாயும் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். (நாயும் சிரித்தது. சத்தியமாக.) சனிக்கிழமைதானே திவசம், வெள்ளிக்கிழமையே போய் இறங்கினால் சீசரோடு ஒரு நாள் ஊர் சுற்றலாம், ஒரே டிக்கெட்டில் இரண்டு அலுவல் என்று என் மண்டை கணக்குப் போட்டது. அப்பாவின் திவசத்தை அலுவல் என்று நினைத்த மண்டை அது.

நாயை நாடு கடத்துவது லேசான வேலையில்லை. கழுத்தில் சிப் இருக்க வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசி போட்டு மூன்று கிழமை கழிய வேண்டும். படம், முத்திரை, மிருக வைத்தியர் கையெழுத்து எல்லாவற்றோடும் ஒரு பாஸ்போர்ட் வேண்டும். விமானத்தில் சீற்றுக்கு அடியில் போகிற அளவில் பை வேண்டும். அந்தப் பைக்குள் படுத்துப் பழக்க, தினமும் பின்னேரம் அரை மணித்தியாலம் நான் தரையில் கிடந்து பைக்குள் தலையை விட்டுக் காட்டினேன். எல்லாம் முடிய ஆறு கிழமை. கடைசியாக லீவுத் தாளை எடுத்துக்கொண்டு சமையலறைப் பொறுப்பாளரிடம் போனேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டுக் கரட் வெட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அக்காவிடம் சனிக்கிழமை காலை விமானம் என்று பொய் சொன்னேன். நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் நாய் வாசல் படலைக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. திவச வீட்டுக்கு நாய் வருகிறது என்று சொல்ல எனக்கென்ன விசரா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் பலேர்மோவில் இறங்கினோம். விமான நிலையப் பஸ்ஸின் சாரதி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்க்கூடு எங்கே என்று கேட்டார். கட்டுரையில் வாய்க்கூடு பற்றி ஒரு சொல் கிடையாது. சீசர் கடிக்காது என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் விளக்கினேன். (சீசர் யாரையும் கடித்தது கிடையாது. விருப்பம் உண்டு, உயரம் போதாது.) சாரதி கதவைச் சாத்தினார். இரண்டு டாக்சிக்காரர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஆள் பெயரைக் கேட்டு, சேசரே, சேசரே என்று வழி முழுக்க ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கை தட்டினார்.

பேராலயத்தின் முன்னால் நானும் சீசரும் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்று எடுக்க நாற்பது நிமிடம் பிடித்தது. சீசர் சிரிக்கவில்லை. நான் சிரிக்கும்போது அது குனிந்து எதையோ நக்கியது. பல்லாரோவில் மீன்கடைக்காரர் தண்ணீர் ஊற்றிக் கழுவிய கல்லில் என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. நான் ஒரு காலால் வழுக்கி, ஒரு கையால் கத்தரிக்காய்ப் பெட்டியைப் பிடித்து, பெட்டியும் நானும் ஒன்றாகத் தரையில் விழுந்தோம். அந்தச் சந்தையில் அக்காவுக்குத் தெரிந்தவர்கள் பாதிப் பேர். முகத்தைக் கத்தரிக்காயோடு வைத்துக்கொண்டு, எவரும் பார்க்கக் கூடாது என்று எல்லாக் கடவுளையும் கும்பிட்டேன்.

அறை தந்த பெண்மணியின் விளம்பரத்தில் ‘செல்லப் பிராணிகளுக்கு நல்வரவு’ என்று இருந்தது. சனிக்கிழமை காலை வேட்டியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, நாய் அறையில் மூன்று மணித்தியாலம் இருக்கட்டும் என்றேன். பெண்மணி விரலை ஆட்டினார். நாய் வரலாம், தனியாக இருக்கக் கூடாது, கதவைப் பிறாண்டும், விதியில் எழுதியிருக்கிறது என்றார். உண்மைதான், எழுதியிருந்தது. நான் படத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பதிவு செய்தவன். நீங்கள் மூன்று மணித்தியாலம் பார்த்துக்கொள்ள முடியாதா என்று கெஞ்சினேன். அவர் மார்பில் கை வைத்து, தனக்கு நாய் என்றால் பயம் என்றார். நல்வரவு போட்டு அறை விடுகிற பெண்மணிக்கு நாய் என்றால் பயமாம்.

நேரம் பத்து. ஐயர் வந்திருப்பார். பிரயாணத்தில் நாய் அமைதியாக இருக்க மிருக வைத்தியர் தந்த குளிசையில் ஒன்றைக் கொடுத்தேன். சீசர் பைக்குள் சுருண்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தது அத்தான். உள்ளே ஹோலில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். சுவிஸிலிருந்து வருகிற எந்தத் தமிழன் தோளிலும் ஒரு பை இருந்தால் அதற்குள் சொக்கிளேட் இருக்கும் என்பது உலக நியதி. நான் அந்தமுறை ஒரு சொக்கிளேட்கூடக் கொண்டுவரவில்லை, பையில் இடமிருக்கவில்லை. அக்கா கையை நீட்டினார்.

“சொக்கிளேட் உருகிப்போம், தா, பிரிட்ஜுக்குள்ளை வைக்கிறன்.”

ஒரு வருடத்தில் அக்கா என்னோடு கதைத்த முதல் முழு வசனம் அது. நான் பையை அணைத்துக்கொண்டு, திவசம் முடியட்டும் என்று உளறிவிட்டு, நேரே அப்பாவின் அறைக்குள் போனேன். அந்த அறையில் யாரும் படுப்பதில்லை என்று அத்தான் சொல்லியிருந்தார். அப்பாவின் கட்டில், அலுமாரி, சுவரில் மாலை போட்ட படம். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மூச்சு விடுவதற்காக அதன் ஸிப்பை நாலு விரல் அகலம் திறந்து வைத்தேன். படையல் ஹோலில்தான் நடக்கும் என்பது என் எண்ணம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் படையலை ஹோலில்தான் வைத்திருந்தார்கள். அதைக்கூட நான் வட்ஸ்அப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் பிரான்காச்சோ மாமி வருகிறார். எங்களுக்கு நேர்ச் சொந்தம் இல்லை. ஆனால் பிரான்காச்சோவிலிருந்து பஸ் ஏறி அவர் வந்து சேராமல் பலேர்மோவில் ஒரு தமிழ்ச் செத்தவீடோ திவசமோ நடந்தது கிடையாது. என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். ஐயர் தட்சணை வாங்கிக்கொண்டு போன கையோடு, குடிக்கத் தண்ணீர் போதாது என்று அத்தான் என்னைக் கீழே அனுப்பினார். நான் இரண்டு கட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வருவதற்குள், மனுசன் படுத்திருந்த அறையில்தான் படைக்க வேண்டும் என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நான் உள்ளே வந்தபோது ஹோலில் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் இருந்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. அப்பாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. மாமி உதட்டில் விரலை வைத்து என்னை இருக்கச் சொன்னார்.

எங்கள் வீட்டுப் பழக்கம் இதுதான். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, இலை போட்டு, படத்துக்கு முன்னால் படைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். வெளியே எல்லோரும் சத்தம் போடாமல் இருப்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். கால் மணித்தியாலம் கழித்துக் கதவைத் திறந்து, இலையில் இருப்பதை எல்லோருமாகப் பகிர்ந்து சாப்பிடுவோம். அக்கா முதல் நாளே லீவெடுத்துச் சமைத்திருந்தார். சிஞ்ஞோராவின் தோட்டத்து வாழையில் வெட்டிய தலைவாழையிலை. சோறு, பருப்பு, நெய், கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், எட்டு வடை, அப்பாவுக்கு உயிரான பாயசம்.

இதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சீசரும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

எழும்பிக் கதவைத் திறந்திருக்கலாம். நாய் ஒன்று இருக்கிறது, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிடக் காரியம். நான் தண்ணீர்ப் போத்தல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, குளிசை நல்ல குளிசை, நாய் நித்திரை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைப் போன்ற கோழைகள் எப்போதும் ஏதாவது ஒரு குளிசையை நம்பிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் தம்ளர் விழுகிற சத்தம் கேட்டது. ஹோலில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பிறகு ஏதோ உறிஞ்சுகிற சத்தம். அதற்குப் பிறகு, அந்த அமைதியில், மிகத் தெளிவாக, அப்பளம் நொறுங்கியது.

மாமியின் கண்கள் பெரிதாகின. கையைக் கூப்பினார். பக்கத்தில் இருந்தவர் கூப்பினார். அடுத்தவர் கூப்பினார். அத்தான் என்னைப் பார்த்தார், நான் போத்தலைப் பார்த்தேன். இன்னொரு அப்பளம் நொறுங்கியது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழத் தொடங்கினார்.

கதவைத் திறந்தபோது இலை கழுவி வைத்ததுபோல் இருந்தது. ஒரு பருக்கை இல்லை. பாயசக் கிண்ணம் பளபளத்தது. கட்டிலுக்கு அடியில் பை, பைக்குள் சீசர், ஒன்றும் தெரியாத மாதிரி. வெற்றிலை மட்டும் தொடாமல் கிடந்தது.

“வெத்திலை தொடேல்லை, பாத்தியளோ,” என்றார் மாமி. “கடைசியிலை பல்லில்லைத்தானே மனுசனுக்கு.”

அப்பளம் நொறுக்கிய மனுசனுக்கு வெற்றிலை சப்பப் பல்லில்லையாம். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. மாமி அதற்குள் ஃபோனை எடுத்து இலையை மூன்று பக்கத்திலிருந்தும் படம் பிடித்து, யாழ்ப்பாணம், லண்டன், டொரண்டோ எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டார்.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. அக்கா வந்து என் கையைப் பிடித்தார். நல்ல இறுக்கமாக, சின்ன வயதில் றோட்டுக் கடக்கும்போது பிடித்த மாதிரி.

“ஒவ்வொரு அமாவாசைக்கும் வைச்சனான். இப்பிடி ஒருநாளும் நடக்கேல்லை. நீ வந்தபடியாத்தான் அப்பா சாப்பிட்டவர்.”

ஒரு வருடமாக நான் ஏங்கிக்கொண்டிருந்தது அந்தக் கைதான். அது எனக்குக் கிடைத்துவிட்டது, நாயின் புண்ணியத்தில். வாயைத் திறந்தால் போய்விடும். நான் திறக்கவில்லை. திறந்தது சாப்பிடத்தான். அக்கா தன் கையால் எனக்குப் பரிமாறினார். இன்னும் ஒன்று வை தம்பி என்று வடை வைத்தார். அந்த வடை எனக்கு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். நாலு வடை சாப்பிட்டேன். அந்த நாலு வடைக்காக என் மேல் எனக்கு வருகிற கோபம் வேறு எதற்கும் வருவதில்லை.

ஐந்தாவதை எடுக்கும்போது அப்பாவின் அறையிலிருந்து சீசர் வந்தது. தள்ளாடித் தள்ளாடி, ஹோலின் நடுவால், இலைகளுக்கு இடையால், மிகுந்த மரியாதையோடு நடந்து வந்து, மாமியின் முன்னால் நின்று, வாந்தி எடுத்தது. வடை. சோறு. நெய். பாயசத்தில் ஊதிப் பருத்த முந்திரிகை வற்றல், அதாவது உலர்ந்த திராட்சை.

மாமி தன் ஃபோனைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

“இது ஆற்றை?”

“என்ரை. சீசர்.”

“பிளேனிலையோ கொண்டு வந்தனி?”

“ஓம்.”

“பாஸ்போட் இருக்கோ?”

“ஓம்.”

“எடுக்க எவ்வளவு நாள் பிடிச்சது?”

பொய் சொல்லத் தெரிந்த எனக்கு அந்த நேரம் பார்த்து உண்மை வந்தது. “ஆறு கிழமை.”

அக்கா தலையாட்டினார். குரல் உயரவே இல்லை.

“நாய்க்கு ஆறு கிழமை ஓடியிருக்கிறாய். அப்பா ரெண்டு கிழமை கதவையே பாத்துக்கொண்டு கிடந்தவர்.”

கேவலம் என்னவென்றால், அந்த நேரத்தில் நான் அக்காவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். முந்திரிகை வற்றல். நாய்க்கு எதைக் கொடுத்தாலும் இதை மட்டும் கொடுக்காதே, சிறுநீரகம் போய்விடும் என்று மிருக வைத்தியர் சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. சீசர் காலை நீட்டிப் படுத்துவிட்டது. நான் அழத் தொடங்கினேன். அப்பாவின் செத்தவீட்டில் அழாதவன், அத்தனை பேர் பார்க்க, வேட்டியோடு முழங்காலில் நின்று நாய்க்காக அழுதேன். மாமி தலையில் கை வைத்துக்கொண்டார். திவச வீட்டில் நாய் செத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை.

அக்கா என்ன என்று கேட்டார். சொன்னேன். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு ஃபோனை எடுத்தார். சிஞ்ஞோராவிடம் ஒரு கிழட்டுப் பூனை இருக்கிறது. அதை மாதத்துக்கு ஒருமுறை மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போவது அக்காவின் வேலை. ‘தொத்தோரே’ என்று தொடங்கி அக்கா ஒரு நிமிடம் இத்தாலியனில் பொரிந்தார். மூடியிருந்த கிளினிக்கைத் திறக்க வைத்தார். படலைக்கு இந்தப் பக்கம் நாயை விடாத வீட்டில் பிறந்த அக்கா, திவசச் சேலையோடு, சீசரைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். நான் வெறுங்கையோடு பின்னால் இறங்கினேன். அத்தான் காரை விரட்டினார்.

வைத்தியர் என்ன சாப்பிட்டது என்று கேட்டார். அக்கா வரிசையாகச் சொன்னார். ஒரு நாய்க்கு ஏன் எட்டு வடை கொடுத்தீர்கள் என்றார். நாய்க்கு இல்லை, அப்பாவுக்கு என்றார் அக்கா. அப்பா எங்கே என்றார். போன வருடம் செத்துவிட்டார் என்றார் அக்கா. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்றிருந்தது. வைத்தியர் ஆச்சரியப்படவே இல்லை. தங்கள் வீட்டிலும் செத்தவர்கள் நவம்பரில் வருவார்கள், ஆனால் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டு வருவார்கள், சாப்பிட்டுவிட்டுப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டு ஊசியை எடுத்தார். பிறகு வற்றல் எவ்வளவு என்று கேட்டார். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று அள்ளிப் போட்டதாக அக்கா சொன்னார்.

வயிற்றைக் கழுவ வேண்டும், வெளியே இருங்கள் என்றார்கள். அத்தான் காரை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டார். வெளியே இரண்டு பிளாஸ்டிக் கதிரை. ஒன்றில் அக்கா, ஒன்றில் நான். சுவரில் பூனை உணவு விளம்பரம். உள்ளே சீசர் ஓக்காளிக்கிற சத்தம்.

“உண்மையாய்ச் சொல்லு. அப்ப லீவு தரேல்லையோ?”

“கேக்கேல்லை.”

அந்தச் சொல்லை நான் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. முதியோர் இல்லத்தில் கிழமைக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டுக் குறையும், அடுத்த நாள் நாங்கள் பட்டியலில் ஒரு பேரை வெட்டிவிட்டுச் சூப்பை அளந்து ஊற்றுவோம். அப்பாவை அந்த மாதிரிக் கட்டிலில் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. லீவுத் தாள் இரண்டு கிழமை என் சட்டைப்பையில்தான் இருந்தது. பயமாக இருந்தது அக்கா என்றேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

“எனக்கும்தான் பயம். நான் ஆரிட்டைப் போய் லீவு கேக்கிறது?”

அதற்குப் பிறகு அக்கா என்னைத் திட்டினார். ஒரு வருடம் ஓம், இல்லை, சரி என்று சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. ஆசுப்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு ஓடியது, வேலைக்கு ஓடியது, அங்கே சிஞ்ஞோராவையும் இங்கே அப்பாவையும் ஒரே நாளில் குளிப்பாட்டியது, தம்பி வந்திட்டானோ என்று கேட்ட அப்பாவுக்கு நாளைக்கு வாறான் என்று பதினாலு நாளும் பொய் சொன்னது. திட்டு வாங்க வேண்டியவன் அன்றைக்குத்தான் முதல் முறையாக நேரத்துக்கு வந்திருந்தான்.

வைத்தியர் கதவைத் திறந்து, சேசரே பிழைத்துவிட்டார் என்றார். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய் அதைத் துவாயோடு வாங்கினார். என்னிடம் தரவில்லை. காரில் பாதி வழி போனதும், முன்னால் பார்த்துக்கொண்டே, “அப்ப சொக்கிளேட்டும் இல்லை, என்ன?” என்று கேட்டார். அத்தானுக்குச் சிரிப்பு வந்து, காரை ஓரமாக நிறுத்தினார்.

இலையின் படம் அதற்குள் மூன்று கண்டம் சுற்றிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னேன். (ஆபத்து நீங்கிய பிறகு எனக்கு நேர்மை வரும்.) விடு, அவையள் நம்பட்டும் என்றார் அக்கா. டொரண்டோவில் ஒரு சித்தி அதைச் சட்டம் போட்டுச் சாமியறையில் வைத்திருப்பதாகக் கேள்வி. மாமி மட்டும் என்னை எங்கே கண்டாலும் முதலில் என் பையைப் பார்ப்பார்.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் நான் தவறவில்லை. வருடத் தொடக்கத்திலேயே லீவுத் தாளைக் கொண்டுபோய் நீட்டுவேன். பொறுப்பாளர் தலை நிமிராமல் கையெழுத்துப் போடுவார். ஒவ்வொரு வருடமும் அந்த அரை நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். கேட்டிருந்தால் அன்றைக்கும் இவ்வளவுதான் பிடித்திருக்கும்.

இப்போது அக்கா வீட்டில் அறைக்கதவைச் சாத்துவதற்கு முன் அத்தான் முழங்காலில் இருந்து கட்டிலுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்து, ஒருத்தரும் இல்லை என்று சபைக்கு அறிவிப்பார். கதவைத் திறந்தால் படைத்தது படைத்தபடி இருக்கும். அப்பா வயிறு நிறையச் சாப்பிட்டது அந்த ஒரு வருடம்தான் என்று அக்கா சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் சொந்தத்துக்குள் கல்யாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ வர முடியாது என்று யாராவது இழுத்தால், சரி, நீ நில், நாயை அனுப்பு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று டொரண்டோச் சித்திக்குத் தெரியாது. அவரும் சொல்கிறார்.

போன கிழமை அக்கா கூப்பிட்டார். இந்த வருடமும் நாள் வருகிறது.

“எப்பிடி, லீவு எடுத்திட்டியோ? இல்லாட்டி நாயை மட்டும் அனுப்புறியோ?”

“ரெண்டு பேரும் வாறம் அக்கா.”

“சரி,” என்றார் அக்கா. “அப்ப வத்தல் போடாமல் ஒரு கிண்ணம் பாயசம் எடுத்து வைக்கிறன்.”